வரும் ஆண்டின் பன்னிரண்டு அசல் குரல்கள்

வேரிசைப் பேரவையின் கடிதம் வந்த நேரத்தில் வெர்லீன் ஸ்டாம்பர் ஒரு பள்ளிப் பேருந்து ஓட்டுநரின் கடைவாய்ப் பல்லில் படிந்திருந்த காரையைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். கென்டக்கி மலைகளுக்கு நடுவே டவ் ஃபோர்க் என்ற ஊரில் இருந்த ஒரே பல் மருத்துவமனையில் அவளுக்குப் பதினெட்டு வருட வேலை. வாரத்தில் நான்கு நாள் ஊராரின் வாயைச் சுத்தம் செய்வாள். சனிக்கிழமை சாயங்காலம் தீயணைப்பு நிலையத்தில் நிதி திரட்ட மீன் வறுவல் விருந்து போடும்போது கிடாரை மாட்டிக்கொண்டு, தானே எழுதிய பாட்டுகளைப் பாடுவாள்.

பக்கத்தில் நாற்காலி போட்டு ஆர்லிஸ் கோம்ப்ஸ் ஃபிடில் வாசிப்பார். வெர்லீனுடைய அத்தையின் கணவர். வயது அறுபத்து நான்கு. இருபத்தொன்பது வருடம் சுரங்கத்தில் நிலக்கரி வெட்டியவர். அந்தத் தூசியில் பாதி இன்னும் அவர் நுரையீரலில்தான் இருந்தது. மூக்கில் குழாயும் பக்கத்தில் சக்கரம் வைத்த ஆக்ஸிஜன் சிலிண்டரும் இல்லாமல் பத்து நிமிடத்துக்கு மேல் அவரால் தாக்குப்பிடிக்க முடியாது. ஆனால் வில்லைக் கம்பியில் வைத்துவிட்டால், மீனைத் தின்றுகொண்டிருப்பவர்கள் முள்ளை எடுக்க மறந்துவிடுவார்கள்.

நாட்டுப்புற இசையை வளர்ப்பதாகச் சொல்லிக்கொள்ளும் அந்தப் பேரவை நாஷ்வில் நகரத்தில் இருந்தது. ஒவ்வொரு டிசம்பரிலும் ‘வரும் ஆண்டில் பின்தொடர வேண்டிய பன்னிரண்டு சுயேச்சைக் கலைஞர்கள்’ என்று ஒரு பட்டியல் வெளியிடும். அதில் பெயர் வந்தால் விழா மேடைகள் உண்டு, வானொலி உண்டு. வராதவர்கள் பாடினார்கள் என்பதற்கு ஊரில் நாற்பது பேர்தான் சாட்சி. போன வருடம் நீதிமன்ற வாசலில் நடந்த இலையுதிர்காலச் சந்தையில் வெர்லீன் பாடியதை யாரோ கைப்பேசியில் பிடித்து அனுப்பியிருக்கிறார்கள். ‘தங்களது அசல் தன்மை முதல்கட்டப் பரிசீலனையில் உள்ளது’ என்றது கடிதம். கூடவே நாற்பத்தொரு கேள்விகள் கொண்ட விண்ணப்பம்.

மதிய உணவு இடைவேளையில் மருத்துவமனைக்குப் பின்னால் ஆர்லிஸின் பிக்கப் வண்டியில் உட்கார்ந்து இருவரும் அதை நிரப்பினார்கள்.

“பதினாலாவது கேள்வி,” என்று படித்தாள் வெர்லீன். “சின்ன வயசுல உங்க வீட்டுல எத்தன ரூம் ஒழுகிச்சு?”

“ஒண்ணுகூட ஒழுகலையே. உங்கப்பன் ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா கூரைய மாத்துவான். பயந்தாங்கொள்ளி.”

“அப்ப பூஜ்யம். பதினஞ்சு: குடும்பத்துல இறந்தவங்களோட பட்டியல். முக்கியத்துவத்தோட வரிசையில போடணுமாம்.”

“செத்தவங்கள்ல முக்கியம் யாருன்னு சொன்னா, மிச்ச ஆளுங்க எந்திரிச்சு வந்து சண்டைக்கு நிப்பாங்க. விட்டுடு.”

“பதினாறு: ஜெயிலுக்குப் போயிருக்கீங்களா? இல்லையென்றால் காரணம்?”

ஆர்லிஸ் சாண்ட்விச்சை மடியில் வைத்தார். “நெசமாவே அப்படித்தான் கேட்டிருக்கா?”

“காரணம் எழுத மூணு வரி விட்டிருக்காங்க மாமா.”

கடைசிப் பக்கத்தில் சுயேச்சை என்பதற்கு விளக்கம் இருந்தது. சுயேச்சைக் கலைஞர் எந்த நிறுவனத்துக்கும் கட்டுப்படக் கூடாது. கட்டுப்படமாட்டார் என்பதை உறுதிசெய்ய, ஏழு வருடத்துக்குப் பேரவையோடு ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும்.

வெர்லீன் பேனாவை மூடினாள். “இத கிழிச்சுப் போட்டுடலாம்.”

“அனுப்பு கண்ணு,” என்றார் ஆர்லிஸ். “கேக்கறவன் கேட்டுட்டுப் போறான். உனக்கென்ன நஷ்டம்?”

அவள் அவர் மூக்கில் இருந்த குழாயைப் பார்த்தாள். போன வசந்தத்தில் மருத்துவர் சொன்னது அவளுக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தாள்: இன்னும் இரண்டு குளிர்காலம், அதிகம் போனால் மூன்று. அந்த வில் நாற்பது பேருக்கு மட்டும் கேட்டுவிட்டு நின்றுபோவதை அவளால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. அனுப்பினாள்.

செப்டம்பரில் நேர்காணல். நான்கு மணி நேரம் ஓட்டிக்கொண்டு போனார்கள். பேரவை ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் ஏழாவது மாடியில் இருந்தது. வரவேற்பறைக்குள் ஒரு முழு வைக்கோல் கொட்டகையைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். அதற்குள் காப்பி இயந்திரம்.

ஆர்லிஸ் ஒரு பலகையைத் தடவிப் பார்த்தார். “இது நம்ம ஊரு டெல்பர்ட் நோப்ளோட கொட்டகை.”

“எப்படிச் சொல்றீங்க?”

“இந்த ஆணிய அடிச்சது நானு. கோணலா இருக்கு பாரு.”

வரவேற்பறைப் பெண் எழுந்து வந்து, அசல் பொருள்களைத் தொட வேண்டாம் என்று பணிவாகக் கேட்டுக்கொண்டாள். ஆர்லிஸ் சிலிண்டரோடு வெளியே நாற்காலியில் உட்கார, வெர்லீன் மட்டும் உள்ளே போனாள்.

மேஜைக்குப் பின்னால் தலைவர் லோவெல் பெட்டிபோன். பல வருடம் மெத்தைக் கம்பெனி ஒன்றின் விளம்பரப் பிரிவில் இருந்தவர். பேரவைக்கு வந்த பிறகு தொப்பி போட ஆரம்பித்தார். தொப்பியில் வியர்வைக் கறை இருந்தது. வாங்கும்போதே இருந்த கறை அது. அவருக்குப் பக்கத்தில் அசல் தன்மைப் பிரிவின் இயக்குநர் மார்லோ ஃபின்ச், முப்பது வயதுப் பெண், முழங்காலில் கிழிந்த ஜீன்ஸ். இரண்டு கிழிசலும் ஒரே அளவு.

“எங்களுக்கு ஒரே ஒரு அளவுகோல்தான், மிஸ் ஸ்டாம்பர்,” என்று தொடங்கினார் பெட்டிபோன். “உண்மை. உண்மை எப்படி இருக்கணும்னு நாங்க நாலு வருஷம் ஆய்வு பண்ணி முடிவு செஞ்சிருக்கோம். அதுலருந்து யாராவது விலகினா, அவங்க சொல்றது உண்மையாவே இருந்தாலும், கேக்கறவங்க குழம்பிடுவாங்க. குழம்பின மனுஷன் டிக்கெட் வாங்கறதில்ல.”

வெர்லீன் தலையாட்டினாள். வேறென்ன செய்வதென்று தெரியவில்லை.

“அப்பாவப் பத்திச் சொல்லுங்க,” என்றாள் மார்லோ.

“ஃப்ளோரிடாவுல இருக்கார். இன்சூரன்ஸ் ஏஜென்டா இருந்தவர். இப்ப கோல்ஃப் ஆடறார்.”

யாரோ இறந்த செய்தி வந்ததுபோல் பெட்டிபோன் கண்ணை மூடிக்கொண்டார்.

“உங்கள அடிப்பாரா?” மார்லோ நம்பிக்கையை விடவில்லை.

“இல்லையே.”

“குடி?”

“சர்க்கரை இருக்கு. டயட் கோலாதான்.”

“வீட்ட விட்டுப் போயிட்டார்னு வெச்சுக்கலாமா? ஃப்ளோரிடாவுக்குப் போனார்தானே?”

“ரிட்டயர் ஆனப்புறம் போனார். அம்மாவையும் கூட்டிட்டு.”

“அம்மாவையும்... கூட்டிட்டுப்... போயிட்டார்,” என்று மார்லோ மெதுவாகச் சொல்லிக்கொண்டே எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டாள். முகம் தெளிந்துவிட்டது.

பாடச் சொன்னார்கள். காப்பீட்டுக் கம்பெனி பல் வேர் சிகிச்சைக்குப் பணம் தர மறுத்ததும், மருத்துவமனை வாசலில் காருக்குள் உட்கார்ந்து, தாடையைப் பிடித்துக்கொண்டு, வானொலியைப் போட்டு மறைத்துக்கொண்டு அழுத ஒரு பெண்ணைப் பற்றிய பாட்டு. வெர்லீன் அதை ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறாள். ஊரில் அந்தப் பாட்டைக் கேட்டு எழுந்து வெளியே போய்விட்டுத் திரும்பி வந்தவர்கள் உண்டு. நாற்பது நொடியில் பெட்டிபோன் கையைத் தூக்கினார்.

“அருமை. ஆனா பல் ஆஸ்பத்திரி கிராமத்துல ஏது?”

“நான் வேலை பாக்கறேனே அங்க.”

“நீங்க வேலை பாக்கறீங்க. கேக்கறவங்க நம்பமாட்டாங்க. அத ஒரு கொட்டகையா மாத்திடுங்க. காரு வேண்டாம், பிக்கப். தாடை வலிக்குப் பதிலா, புருஷன் ஓடிப்போயிட்டான். மத்தபடி ஒரு வார்த்தைகூட நாங்க தொடமாட்டோம். கலைஞனோட சுதந்திரத்துல பேரவை தலையிடறதே இல்ல.”

அவளுடைய மலைநாட்டுப் பேச்சு போதிய அளவு மலைநாட்டுப் பேச்சாக இல்லை என்பதால், சிகாகோவில் இருந்து வரும் பயிற்சியாளரிடம் ஆறு வகுப்பு போக வேண்டும் என்றும் எழுதிக்கொண்டார்கள்.

அப்போதுதான் கதவுக்கு வெளியே ஆர்லிஸ் இருமினார். வறண்ட, அடியிலிருந்து கிளம்பி வரும் இருமல். ஒருமுறை பிடித்தால் சட்டென்று விடாது. உள்ளே எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள். மார்லோவின் பேனா நின்றது. பெட்டிபோன் தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டார். பாட்டுக்கு நாற்பது நொடி கொடுத்தவர்கள் இருமலை முழுசாகக் கேட்டார்கள்.

“யார் அது?” என்றார் பெட்டிபோன், குரலைத் தாழ்த்தி.

“என் மாமா. ஃபிடில் வாசிக்கறவர். அவர நீங்க அவசியம் கேக்கணும், சுரங்கத்துல இருந்து...”

“சுரங்கம்,” என்றார் பெட்டிபோன். “நிலக்கரியா?”

“ஆமா.”

“கடவுளே,” என்றாள் மார்லோ. கண்ணில் தண்ணீர் நின்றது.

அடுத்த வாரமே மார்லோ ஒரு புகைப்படக்காரரோடும் ஒலிப்பதிவுக்காரரோடும் டவ் ஃபோர்க்குக்கு வந்து இறங்கினாள். கள ஆய்வு என்று பெயர். வெர்லீன் வீட்டுத் துணி துவைக்கும் இயந்திரத்தைத் தூக்கி வாசலில் வைத்தார்கள்; ஏழை வீடென்றால் அப்படித்தான் இருக்குமாம். ஜன்னல் திரைகள் சுத்தமாக இருந்ததால் கழற்றப்பட்டன. அவளைச் சுவர் ஓரம் நிறுத்திவிட்டு மார்லோ தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

“பல்லுதான் உறுத்துது. ரொம்ப வெள்ளையா இருக்கு. முன்பல்லு ஒண்ண மட்டும் கறுப்பாக்கிடலாமா? மை இருக்கு, அழிச்சுடலாம்.”

“எங்க ஊர்ல பல்லு போனவங்களுக்கு அது எதனால போச்சுன்னு எனக்குத் தெரியும்,” என்றாள் வெர்லீன். “சிலருக்குப் புடுங்கும்போது நான்தான் கையப் புடிச்சுட்டு நின்னேன். அத வரைஞ்சு காட்டச் சொல்றீங்களா?”

“இந்தக் கோபம்,” என்றாள் மார்லோ புகைப்படக்காரரிடம். “இத எடுத்துக்கோங்க.”

மதியம் ஆர்லிஸின் சமையலறைக்குப் போனார்கள். அவர் சட்டை மாற்றி, முகம் மழித்து, ஃபிடிலுக்குச் சுருதி கூட்டி வைத்துக் காத்திருந்தார். காப்பி போட்டிருந்தார். ஒலிப்பதிவுக்காரர் மைக்கை ஃபிடிலுக்கு அருகே வைக்காமல் அவர் வாய்க்கு நேராக வைத்தார்.

“முதல்ல இருமல் மட்டும், மிஸ்டர் கோம்ப்ஸ்,” என்றாள் மார்லோ. “உங்களுக்கு எப்படி வருதோ அப்படி.”

“கேட்டா வராதும்மா. அதுவா வரணும்.”

“குழாயக் கொஞ்சம் எடுத்துட்டா?”

எடுத்தார். வந்தது. தாளத்தில் இல்லை என்றார்கள். மறுபடி. பின்னால் குளிர்பெட்டியின் சத்தம் என்றார்கள், அதை அணைத்துவிட்டு மறுபடி. பதினேழு முறை. பன்னிரண்டாவது முறைக்குப் பிறகு அவர் உதட்டு ஓரம் நீலமாக இருந்தது. வெர்லீன் குறுக்கே வந்து குழாயை எடுத்து மாட்டிவிட்டாள். அவர் மூச்சு சமனானதும் தானே கழற்றினார்.

“ஃபிடில் எப்ப வாசிக்கட்டும்?” என்று கேட்டார்.

“இசை எங்ககிட்ட இருக்கு,” என்றாள் மார்லோ அன்பாக. “ஸ்டூடியோ ஆளுங்க வாசிச்சுடுவாங்க. உங்ககிட்ட இருக்கறது வேற யார்கிட்டயும் இல்ல.”

அவர்கள் போன பிறகு சமையலறையில் குளிர்ந்துபோன காப்பிக் கோப்பைகள் மூன்று இருந்தன. ஒன்றையும் யாரும் தொட்டிருக்கவில்லை. வெர்லீன் அவற்றைக் கழுவு தொட்டியில் கொட்டினாள்.

“ஏன் மாமா இதுக்கு ஒத்துக்கிட்டீங்க? வெளிய போடின்னு சொல்லியிருக்கலாம்ல?”

“உன் பாட்டு வெளிய போகணும்னுதான்,” என்றார் ஆர்லிஸ். “நான் போனப்புறம் நீ மீன் வறுவலுக்குத் தனியா பாடிட்டு நிப்பியேன்னு... ஒரு பிடி இருந்தா நல்லதுன்னு பாத்தேன்.”

“நான் உங்களுக்காகத்தான் அந்த விண்ணப்பத்தையே அனுப்பினேன்.”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஆர்லிஸ் சிரித்தார். “ரெண்டு முட்டாளுங்க.”

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் நவம்பரில் தேர்வு அரங்கேற்றம் என்று கடிதம் வந்தது. அங்கே நேரலையில் ஃபிடில் உண்டு என்று அதில் அச்சிட்டிருந்தது. இவ்வளவு அவமானம் பட்டதற்கு அந்த ஒரு வரியாவது மிஞ்சட்டும் என்று போனார்கள்.

ஓர் ஓட்டலின் விருந்து மண்டபம், மதியம் இரண்டு மணி. முன்வரிசையில் பிக்கப் வண்டி தயாரிப்பவர்கள், விஸ்கி காய்ச்சுபவர்கள், கால்சட்டை தைப்பவர்கள். இவர்கள்தான் சுயேச்சைக் கலைஞர்களின் புரவலர்கள். அவர்களுக்குப் பின்னால் வானொலிக்காரர்கள், விமர்சகர்கள். மேடையில் வைக்கோல் கட்டு. வெர்லீனுக்கு மாவு மூட்டைத் துணியில் தைத்த ஓர் உடையைக் கொடுத்தார்கள். அவள் வேலைக்குப் போடும் நீலச் சட்டையிலேயே நின்றாள். ஆர்லிஸின் சிலிண்டர் ஆஸ்பத்திரியை ஞாபகப்படுத்துகிறது என்று மேடை உதவியாளர்கள் அதைத் திரைக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். ஒரே பாட்டுத்தானே, நான்கு நிமிடம் என்றாள் மார்லோ.

பெட்டிபோன் தொப்பியோடு வந்து பேசினார்.

“நண்பர்களே, இந்த மலை ஜனங்களுக்கு நாம என்ன செய்ய முடியும்னு அடிக்கடி என்னைக் கேக்கறாங்க. ரோடு, ஆஸ்பத்திரி, வேலை. இதெல்லாம் கொடுத்துட்டா அப்புறம் அவங்க எதப் பத்திப் பாடுவாங்க? யாருமே அதப் பத்தி யோசிக்கறதில்ல. பேரவை யோசிக்குது. அவங்க துயரத்தப் பாதுகாக்கறதுதான் நம்ம கடமை. போன வருஷப் பட்டியல்ல இருந்த ஒரு பையன் கல்யாணம் பண்ணிக்கிட்டான். இப்ப அவன் குரலக் கேக்க முடியல. அப்படி ஒரு திருப்தி. நமக்கு எவ்வளவு பெரிய இழப்பு, யோசிச்சுப் பாருங்க.”

கைதட்டினார்கள். முன்வரிசையில் ஒரு பெண்மணி மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

வெர்லீன் கொட்டகையை விட்டுவிட்டுப் பல் ஆஸ்பத்திரியையே பாடினாள். இரண்டாவது சரணம் முடிந்து ஆர்லிஸ் வில்லை எடுத்தார். அன்று அவர் வாசித்தது, அவள் இருபது வருடமாகக் கேட்டதில் எதற்கும் குறைந்ததில்லை. காருக்குள் அழுகிறவளைத் தொந்தரவு செய்யாமல் அவள் பக்கத்து இருக்கையில் போய் உட்கார்ந்துகொண்டது அந்த ஃபிடில். வெர்லீன் மண்டபத்தைப் பார்த்தாள். பாதிப் பேர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விஸ்கிக்காரர் ஒருவர் பணியாளிடம் சீஸ் கேட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு இருமல் வந்தது.

வில் கம்பியை விட்டு நழுவியது. ஆர்லிஸ் குனிந்தார், ஃபிடிலை மட்டும் அடிபடாமல் மார்போடு பிடித்துக்கொண்டு. மண்டபம் முழுக்க நிமிர்ந்து உட்கார்ந்தது. கைப்பேசிகள் அவர் பக்கம் திரும்பின. மார்லோ ஓரத்தில் இருந்து, அப்படியே இருங்கள் என்பதுபோல் கையை விரித்துக் காட்டினாள். யாரோ எழுந்து நின்று கைதட்டினார்கள். ஒவ்வொருவராக எல்லோரும் எழுந்தார்கள்.

வெர்லீன் மைக்கில் சொன்னாள்: “கை தட்டாதீங்க. அவருக்கு மூச்சு வரல.”

அதற்கும் தட்டினார்கள். முன்பைவிடப் பலமாக.

கிடாரைக் கழற்றி வைக்கோல் மேல் போட்டுவிட்டுத் திரைக்குப் பின்னால் ஓடினாள். சிலிண்டர் மேல் யாரோ கோட்டைத் தொங்கவிட்டிருந்தார்கள். அதை உதறிவிட்டு இழுத்து வந்து, மேடையில் மண்டியிட்டு, குழாயை அவர் மூக்கில் மாட்டி, திருகியைத் திறந்தாள். அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். உதட்டில் நிறம் திரும்பும்வரை அவள் வேறு எதையும் பார்க்கவில்லை. பெட்டிபோன் மைக்கில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். ‘அசல்’ என்ற சொல் மட்டும் நான்கைந்து முறை காதில் விழுந்தது.

ஓட்டலின் சமையல்கட்டு வழியாக வெளியேறினார்கள். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த ஓர் ஆள் கையைத் துடைத்துக்கொண்டு, ஒன்றும் கேட்காமல், சிலிண்டரைப் படியில் தூக்கி இறக்கிக் கொடுத்தான். அந்த நாளில் அந்தக் கட்டடத்தில் அவர்கள் சந்தித்த மனிதன் அவன் ஒருவன்தான்.

இரண்டு வாரத்தில் முடிவு வந்தது. வெர்லீன் ஸ்டாம்பர் நிராகரிக்கப்பட்டிருந்தாள். காரணம்: நிகழ்ச்சியின் மிக உண்மையான தருணத்தில் மருத்துவ உபகரணத்துடன் குறுக்கிட்டது. ஆர்லிஸ் கோம்ப்ஸ் பட்டியலில் மூன்றாம் இடம். அவருடைய இசைத்தட்டு அடுத்த அக்டோபரில் வெளியாகும். இரக்கம் மிக அதிகமாக இருக்கும் மாதம் அது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. அதுவரை உடல்நிலையை இப்போதுள்ள அளவிலேயே வைத்திருக்குமாறு பேரவை கேட்டுக்கொண்டது. அதற்கு முன்பே மறைய நேர்ந்தால் முப்பது நாள் முன்னறிவிப்பு தேவை.

பிக்கப்பில் உட்கார்ந்து ஆர்லிஸ் கடைசி வரியை இரண்டு முறை படித்தார். அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிக்க ஆக்ஸிஜன் அளவைக் கூட்ட வேண்டியிருந்தது.

“பதில் எழுது கண்ணு. ‘ஐயா, முப்பது நாள் முன்னாடி எனக்கே தெரியாது. என்னை எடுத்துடுங்க. ஒருவேளை உங்க தலைவர் முந்திக்கிட்டா மட்டும் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்க, வந்து வாசிக்கறேன். ஒரே ஒரு தடவை, சும்மாவே.’ அவ்வளவுதான். கீழ என் பேரு.”

பேரவை அந்தக் கடிதத்தைச் சட்டம் போட்டு வரவேற்பறைக் கொட்டகையில் மாட்டியிருப்பதாகப் பிறகு கேள்விப்பட்டார்கள். மலைநாட்டு நகைச்சுவையின் அசல் மாதிரி என்று கீழே எழுதியிருக்கிறதாம். டிசம்பரில் வந்த பட்டியலில் மூன்றாம் இடத்தில் ஆரிகன் மாநிலத்து ஆள் ஒருவர் இருந்தார். அவருடைய அப்பா மரம் விழுந்து இறந்தவர். பேரவைக்கு எந்தச் சிக்கலும் இல்லை.

ஜனவரியில் வெர்லீன் பல் மருத்துவரிடம் ஓர் அனுமதி கேட்டாள். எக்ஸ்ரே அறையின் சுவரில் ஈயத் தகடு. வெளியிலிருந்து சத்தம் உள்ளே வராது. மதிய இடைவேளையில் அது காலியாகத்தான் இருக்கும். மருத்துவர் சாவியைக் கொடுத்துவிட்டு, தன் சாண்ட்விச்சை எடுத்துக்கொண்டு வாசலில் காவலுக்கு உட்கார்ந்தார். சாய்வு நாற்காலியில் ஆர்லிஸ், காலடியில் சிலிண்டர், கருவிகள் வைக்கும் தட்டில் வெர்லீனின் கைப்பேசி. ஒரு நாளைக்கு ஒரு மெட்டு. முடியாத நாள்களில் இருவரும் சும்மா உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு எழுந்தார்கள். மார்ச் முடிவதற்குள் பதினொரு மெட்டும் அவளுடைய ஆறு பாட்டும் சேர்ந்தன.

கடைசி மெட்டின் பாதியில் இருமல் வந்தது. அவர் குழாயைச் சரிசெய்துகொண்டு, ஒரு நிமிடம் இருந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து முடித்தார். வெர்லீன் அதை ஒலிக்கவிட்டுக் கேட்டாள். வாசிப்பில் ஒரு குறையும் இல்லை.

“இத என்ன செய்யட்டும் மாமா? திருப்பி எடுக்கலாமா?”

ஆர்லிஸ் ஃபிடிலை உறையில் வைத்துக்கொண்டிருந்தார்.

“வேண்டாம். இருமின இடத்த மட்டும் வெட்டிடு,” என்றார். “மெட்டு எல்லாரும் கேக்கறதுக்கு. இருமல் என்னோடது.”

அவள் வெட்டினாள்.